மரகதத்துக்கு ஒரே உயிர்

என்னை முதன்முதலாகக் கொள்ளையடித்தபோது அவர் என்னை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டார்.

"அண்ணே, வண்டிய ஓரமாப் போட்டுட்டு எறங்குங்க. பயப்படாதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, ஒரு நிமிஷ வேலைதான்."

திரும்பிக்கொண்டேன். முதுகில் துப்பாக்கி. திரையில் என் முதுகை நானே பார்த்தபடி, ஸ்ரீரங்கத்தில் என் மாடி அறையில், மதியம் மூன்றரை மணி வெயிலில், உட்கார்ந்திருந்தேன்.

இணையத்தில் ஓர் ஊர் அது. விளையாட்டு என்றால் பாதிதான் சரி, ஏனென்றால் அங்கே யாரும் ஜெயிப்பதில்லை. வருகிறவர்கள் ஆளுக்கொரு வேஷத்தை எடுத்துக்கொண்டு, மைக்கில் பேசி, அந்த ஆளாகவே நடமாட வேண்டும். ஒருவர் டாக்சி ஓட்டுவார். ஒருவர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவார். சிலர் போலீஸ். எங்களைப் போன்ற சிலர் சட்டத்துக்கு வெளியே. திரையில் தெரிவது ஏதோ அயல்நாட்டுக் கடற்கரை நகரம். ஆனால் நடத்துகிறவர்களும் ஆடுகிறவர்களும் திருச்சிச் சுற்றுவட்டாரம் என்பதால், அந்த ஊரின் பெரிய பாலம் எங்களுக்குக் கொள்ளிடம் பாலம். ஒரு மொட்டைக் குன்று மலைக்கோட்டை. தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை ஜீயபுரம் ரோடு. அந்தப் பாலத்தில்தான் அவர் நின்றிருந்தார், மரகதம் என்ற பெயரில். தலையில் முக்காடு, கையில் நீளத் துப்பாக்கி, காலில் ரப்பர் செருப்பு.

நானும் கொள்ளைக்காரன்தான். என் பெயர் கருநிழல் வேந்தன். அவனுக்குப் பத்துப் பக்கத்துக்கு முன்கதை எழுதி வைத்திருந்தேன். எரிந்த ஊர், உடைந்த சத்தியம், மழையில் ஒரு சபதம். என்னிடமிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு மரகதம் சாவகாசமாகக் கேட்டாள்:

"வீட்ல யாருண்ணே இருக்கா?"

பத்துப் பக்கத்தில் அது இல்லை.

"யாருமே இல்லையா? அடப் பாவமே. யாருமில்லாதவன்கிட்ட என்னத்தண்ணே அடிக்கறது" என்று பையைத் திருப்பி என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

என் பொறாமைக்கு வயது அந்த மதியத்திலிருந்து.

*

அவர் யார் என்று தெரிந்தது ஒரு புதன்கிழமை காலையில். சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு அம்மாமண்டபம் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ரப்பர் பட்டையைக் கட்டி, இரண்டு விரலால் என் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி நரம்பைத் தேடினார்.

"பயப்படாதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, ஒரு நிமிஷ வேலைதான்."

"மரகதம்?" என்றேன்.

அவர் கை இம்மியும் அசையவில்லை. "ஊசி உள்ள இருக்கு சார். பேசாதீங்க." குழாய் நிறைந்தது. பஞ்சை வைத்து அழுத்தினார். என் பெயரை எழுதி ஒட்டினார். பிறகுதான் குனிந்து, அடங்கிய குரலில் கேட்டார்: "பாலத்துல நீங்க எந்த வண்டி?"

"கருநிழல் வேந்தன்."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு விழுகிற அளவுக்குச் சிரித்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பேரை ரேஷன் கார்டுல எழுதச் சொன்னா எழுதுவாங்களா?"

காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிப்பார். திருவானைக்காவல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மூன்றிலிருந்து ஆறு வரை மரகதம். ஓசூருக்கு வேலைக்குப் போன மகள் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர். எழுத்தெல்லாம் அவருக்குக் கிடையாது. எழுதியது முழுக்க ரத்தம் பிடிக்கும் குழாய்களில் ஒட்டும் சீட்டுகளில் மற்றவர் பெயர்கள். நானோ இருபத்தைந்து வருடமாக வரிகளை அடித்து அடித்து எழுதுகிறவன். நான் உண்டாக்கிய ஒரு மனிதனும் எழுந்து நின்று யாரையும் "வீட்ல யாரு இருக்கா" என்று கேட்டதில்லை.

நரம்பு கிடைக்காமல் அழுத ஒரு அம்மாளிடம் அவர் சொன்னதை ஒருமுறை கேட்டேன். "உங்க மேல தப்பில்லம்மா, உங்க நரம்புக்கு என்னைப் புடிக்கல. நான் கொஞ்சம் கெஞ்சிப் பாக்குறேன்." அந்த அம்மாள் அழுகையோடு சிரித்து, கையை அவளாகவே நீட்டினாள். அவர் தொழில் எது, மரகதத்தின் தொழில் எது என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எதிரில் இருப்பவருக்கு ஓர் இடம் போட்டுவிட்டு, தான் ஒதுங்கி நிற்பது. அவ்வளவுதான் அவர். அதை அவ்வளவு என்று சொல்லிவிடலாமா என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

*

நான் ஒரு வங்கியைக் கொள்ளையடித்தேன். நாற்பது நாள் திட்டம். ஒரு தடயம் இல்லை, ஒரு சாட்சி இல்லை, ஒரு சத்தம் இல்லை. வந்து பார்த்த போலீஸ் "ஆள் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு ஐந்தே நிமிடத்தில் கிளம்பிப் போனது. அதன்பின் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே வாரம் மரகதம் ஜீயபுரம் ரோட்டில் வாழைத்தார் லாரி ஒன்றைக் கடத்தினாள். போகிற வழியெல்லாம் பழத்தைத் தின்று தோலைப் போட்டுக்கொண்டே போனாள். அந்த ஊரில் பொருள்களைத் தரையில் போட முடியும், போட்டது அப்படியே கிடக்கும். ஒட்டுமொத்தப் போலீஸும் ஜீப்பை விட்டு இறங்கி, தோலைப் பின்தொடர்ந்து, வரிசையாக நடந்து போனது. மைக் மைக்காகச் சிரிப்பு. கடைசித் தோல் கிடந்த கொட்டகையில் மரகதம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கய்யா. இந்தாங்க, ஒரு சீப்பு மிச்சம் வெச்சிருக்கேன். ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க, பாவம், நடந்தே வந்திருப்பீங்க."

மூன்று வாரம் ஜெயில். அங்கே சமையல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்ப்பதற்காகவே சிலர் சின்னச் சின்னக் குற்றம் செய்து உள்ளே போனார்கள்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போனபோது கேட்டேன். "வேணும்னே மாட்டறீங்க, இல்லையா?"

"போலீஸா வர்றவங்க யாரு சார்? ஆபீஸ்ல நாள் பூரா திட்டு வாங்கிட்டு வந்து ஒரு மணி நேரம் உக்கார்றவங்க. அவங்களுக்கு ஒரு திருடன் வேணும். நான் பாட்டுக்கு ஓடி ஒளிஞ்சுட்டா அவங்க வெறும் ரோட்டைச் சுத்திட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்ப எதுக்குத் திருடறது?"

"மாட்டறதுக்குத்தான்" என்றார், பஞ்சை அழுத்தியபடி. "நீங்க பேங்க்கை அடிச்சதாச் சொன்னீங்களே, ரொம்ப அழகு. ஆனா யாருக்காக அடிச்சீங்க?"

யாரோ வந்துவிட்டார்கள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடந்ததைப் பற்றிப் பேசுவார், தொழிலைப் பற்றிப் பேசுவார். நடக்கப் போவதைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டார். அந்த ஊரின் முதல் சட்டமே அதுதான்: வெளியே தெரிந்துகொண்டதை உள்ளே பயன்படுத்தக் கூடாது. இன்னொரு சட்டம், துப்பாக்கியை நீட்டினால் நிஜமாகவே பயப்பட வேண்டும், வீரம் காட்டக் கூடாது. மூன்றாவது, மரகதம் மாதிரி போலீஸ் பட்டியலில் இருக்கும் பெரிய குற்றவாளிகளுக்கு ஒரே உயிர். மற்றவர்கள் செத்தால் ஆஸ்பத்திரியில் கண் விழிப்பார்கள். மரகதம் செத்தால் செத்ததுதான்.

அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரே ஒரு நாள் மீறினார். சந்தோஷத்தில்.

*

எங்கள் போலீஸில் ஓர் ஏட்டு இருந்தார். அவர் மைக்கைத் திறந்தால் பின்னால் அரிசி ஆலை ஓடும் சத்தம் கேட்கும். அதனால் மண்ணச்சநல்லூர்க்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். திக்கிப் பேசுவார். முதல் எழுத்திலேயே அவர் நிற்கும்போது, அவசரக்காரர்கள் அந்த வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுவார்கள். பிறகு மெதுவாக அவர் பேசுவதையே விட்டுவிட்டு, எழுத்தில் தட்ட ஆரம்பித்தார். 'ஏட்டு வணக்கம் சொல்கிறார்.' 'ஏட்டு ஜீப்பில் ஏறுகிறார்.' இரண்டு வருடத்தில் அவர் ஒருவரைக்கூடக் கைது செய்ததில்லை.

"சார், சார்!" அன்று காலை பரிசோதனை நிலையத்தில் அந்தப் பெண்மணி என் கையைக் கட்டக்கூட மறந்துவிட்டார். "அந்த ஏட்டய்யாவுக்கு மட்டும் மரகதம் லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தா, மூணு வாரமா. விடுகதை மாதிரி. வேற யாருக்கும் தெரியாது. நாலாவது லெட்டர்லயே புடிச்சுட்டாரு சார்! பாலத்துக்கு அடியில படகுத்துறை, சனிக்கிழமை நாலு மணி. தனியா வர்றேன்னு பதில் போட்டிருக்காரு. நான் ஒரு வார்த்தை பேசப்போறதில்ல. அவரு பேசற வரைக்கும் நிக்கப்போறேன். எவ்வளவு நேரம் ஆனாலும்."

"அப்புறம்?"

"அப்புறம் மரகதம் அவ்வளவுதான். ஆயுள் தண்டனை. மக கூப்புட்டுக்கிட்டே இருக்கா, நானும் ஓசூர் போகணும். போறதுக்கு முன்னாடி அவரு கையால மாட்டிட்டா போதும்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ. உளறிட்டேனே. நீங்க கேக்கல, சரிங்களா?"

"கேக்கல" என்றேன்.

வீட்டுக்கு நடந்தேன். எனக்கு ஒரு பையைத் திருப்பிக் கொடுத்தவள், ஒரு ஏட்டுக்கு மூன்று வாரம் கடிதம் எழுதியிருக்கிறாள். எழுதத் தெரியாத கை. எழுதத் தெரிந்த எனக்கு அந்தக் கையிலிருந்து ஒரு வரி வந்ததில்லை. காவிரியிலிருந்து வந்த காற்று ஈரமாக இருந்தது. என் உள்ளே எதுவோ காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அந்த ஏட்டின் வார்த்தைக்காக ஒருவர் காத்து நிற்பது. எவ்வளவு நேரம் ஆனாலும். என் வார்த்தைக்காக யார் அப்படி நின்றார்கள்?

சனிக்கிழமை, நாலு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நான் படகுத்துறைக்குப் போனேன்.

வண்டிச் சத்தம் கேட்டதும் மரகதம் திரும்பாமலே, "ஏட்டய்யா, கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்களே" என்றாள். பிறகு திரும்பினாள். அரை மூச்சு அளவுக்கு மைக்கில் மௌனம். அந்த அரை மூச்சில் இருந்தது மரகதம் அல்ல, அவர். அடுத்த நொடி அவர் இல்லை. மரகதம்தான் இருந்தாள்.

"வேந்தன் அண்ணனா. வாங்க."

துப்பாக்கியை நீட்டினேன். சட்டப்படி அவள் பயப்பட வேண்டும். பயந்தாள். சத்தம் போட்டு அல்ல. குரல் சுருங்கி, சின்னப் பெண்ணின் குரலாக ஆகிவிட்டது.

"அண்ணே, ஒரு இருபது நிமிஷம் குடுங்க. ஒருத்தர் வரணும். அவரப் பாத்துட்டு வந்து நானே இங்க நிக்கிறேன். அப்புறம் சுடுங்க."

உள்ளேயும் வெளியேயும் ஒருசேர அவர் கெஞ்சிய ஒரே தருணம் அது. எனக்கு அது புரியாமல் இல்லை. சுடுவதற்கு முன் பேச இரண்டு பக்கம் எழுதி மேஜையில் வைத்திருந்தேன். "இந்தப் பாலத்தின் நிழல்..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. சுட்டேன்.

மரகதம் தண்ணீர் ஓரமாக விழுந்தாள். மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "அண்ணே, செருப்பு ஒண்ணு தண்ணில போயிடுச்சு. அத மட்டும் எடுத்துக் குடுங்க. வெறுங்காலோட அவ்வளவு தூரம் போக முடியாது."

*

அந்தக் காட்சியைப் பதிவு செய்து, எங்கள் இணைய ஊரான சர்வரின் பொதுப் பக்கத்தில் போட்டேன். மரகதத்தை வீழ்த்தியவன் நான். புகழ் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, அவளுக்கு. 'அந்தச் செருப்பு இருக்கே, அழுதுட்டேன்.' 'சாகறப்பகூட அக்கா அக்காதான்.' கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'சுட்டது யாருப்பா?' ஒருவரும் பதில் போடவில்லை.

மறுநாள் ஏட்டு தட்டியிருந்தார்: 'நான் சரியாக நான்கு மணிக்கு வந்தேன். செருப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.'

சர்வரை நடத்துகிற அட்மினுக்குச் சந்தேகம் வந்தது. அந்த இடம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தற்செயல் என்றேன். மரகதமாக ஆடியவரிடமும் விசாரித்திருக்கிறார்கள். 'அந்த அண்ணன் வழக்கமாக அந்தப் பக்கம் வருகிறவர்தான்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்காகப் பொய். அதிலும் எனக்கு ஓர் இடம் போட்டுவிட்டார்.

அடுத்த பரிசோதனைக்குப் போனேன். எப்போதும் போலக் கண்ணாடி நெற்றியில். எப்போதும் போல இரண்டு விரல்.

"மேடம், அன்னிக்கு சனிக்கிழமை..."

"எந்த சனிக்கிழமை சார்? செத்துப் போனவ ஞாபகம் எனக்கு வரக் கூடாது. அது ரூல்."

கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கென்று ஏதோ கிடைத்திருக்கும். சீட்டை ஒட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, அவரே சொன்னார்: "ஒண்ணு மட்டும். வெளிய வெச்சு நான் வாயத் தொறந்தேன் பாருங்க, அது என் தப்பு. அந்த மனுஷனுக்கு நான் பண்ணின துரோகம்."

பஞ்சைப் பிடித்தபடி படியிறங்கினேன். குற்றத்தைக்கூட என்னிடம் விடவில்லை, தானே எடுத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தட்டில் எனக்கென்று மிஞ்சுவது என்ன?

அன்று மதியம் அட்மினுக்கு எழுதினேன். இடம் எனக்கு வெளியே தெரிந்தது. தெரிந்தேதான் போனேன். அவர் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. மூன்று வரி. அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் எழுதியவை அவை மட்டும்தான். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அவருடைய குற்றமாக அது இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை என்பதே உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. அதாவது பாருங்கள், அதுவும் பொறாமையே.

சட்டப்படி அந்தச் சாவு செல்லாது. மரகதத்துக்கு உயிர் திரும்பியது. கருநிழல் வேந்தனுக்கு அந்த ஊரில் நுழைய நிரந்தரத் தடை.

*

அடுத்த சனிக்கிழமை, அதே படகுத்துறை, நாலு மணி. யாரும் பதிவு செய்யக் கூடாது என்று ஏட்டு கேட்டுக்கொண்டாராம். சர்வர் முழுக்க ஒப்புக்கொண்டார்களாம். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அனுமதி இல்லை என்று திரை சொன்னது. வீட்டில் இருக்க முடியவில்லை. சத்திரம் பஸ் நிலையம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன், காவிரிப் பாலத்துக்கு முன் இறங்கினேன், நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். மணி நாலரை. ஐந்து. உலகத்தில் எங்கோ ஒருவர் பேச ஆரம்பித்திருப்பார் அல்லது இன்னும் நின்றுகொண்டிருப்பார்.

அவர் ஓசூர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசியாக என் ரத்தத்தை எடுத்தார். பரிசோதனைக்கு நாள் வரவில்லை. பொய் சொல்லித்தான் போனேன். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்." முகம் முழுக்க வெளிச்சம்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஆச்சு."

"பேசினாரா?"

"பேசாம எப்படி சார் கைது பண்ண முடியும்?"

"என்ன பேசினாரு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. ஒரு வரி."

குழாயை மூடினார். ஒரு கணம் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. உதடு பிரிந்தது. பிறகு என் கையைப் பிடித்து, பஞ்சின் மேல் என் விரலையே எடுத்து வைத்தார்.

"சொன்னா அத நீங்க எழுதிடுவீங்க சார். எழுதிட்டா உங்களுதாயிடும். அவருக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே."

நான்கு வருடம் ஆகிறது. அந்தப் பரிசோதனை நிலையத்தில் இப்போது வேறு ஒரு பெண் ரத்தம் எடுக்கிறாள், வலிக்கிறது. படகுத்துறையில் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பன்னிரண்டு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். ஒன்றில் பாதி சொல்லில் நிற்க, மரகதம் காத்திருக்கிறாள். ஒன்றில் அவர் வெறும் பெயரை மட்டும் சொல்கிறார். வெளிச்சம், தண்ணீர், அலை மோதும் மரப்பலகை எல்லாம் சரியாக வருகிறது. அவர் வாயைத் திறக்கிற இடத்தில் மட்டும், பன்னிரண்டிலும், என் குரல்தான் கேட்கிறது.